மைட்டோகாண்ட்ரியா பெப்டைடு சோதனை சரியாக வராதபோது: அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

மாட்ஸ்-சி, ஹியூமனின், எஸ்எஸ்-31. செல்லின் ஆற்றல் வளர்சிதை மாற்றத்தைப் படிக்கும் ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி கையில் எடுக்கும் மூன்று பெப்டைடுகள், அதாவது சிறிய அமினோ அமிலச் சங்கிலிகள், இவை. வழக்கமான வேலையும் ஒன்றுதான். செல்லுக்குப் பெப்டைடு கொடுக்கிறோம், சீஹார்ஸ் கருவியில் ஆக்சிஜன் செலவையும் மீடியம் (செல் இருக்கும் வளர்ப்புக் கரைசல்) அமிலமாகும் வேகத்தையும் அளக்கிறோம், அப்புறம் செல்லின் ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே புரதத்தை, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கிறோம். முதல் அளவை ஓசிஆர் என்றும் இரண்டாவதை ஈசிஏஆர் என்றும் சுருக்கமாகச் சொல்வோம்.

இந்த வேலையில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே எட்டொன்பதுதான். ஒவ்வொரு புது மாணவரும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நேரம் இழப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பின்பற்றும் வரிசை ஒன்றே ஒன்று: முதலில் குப்பி, பிறகு கரைசல், பிறகு செல், பிறகு கருவி. பெப்டைடு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முன்னால், செலவு பிடிக்கும் காரணம் பின்னால் இருக்கும்.

## அறிகுறி 1: கரைசல் கலங்கலாக இருக்கிறது, அல்லது அடியில் துகள் நிற்கிறது

நேரடியாக பிபிஎஸ்ஸில் கரைத்தீர்களா? பெரும்பாலும் இதுதான். உப்புக் கரைசலை நேராகப் பொடியின் மேல் ஊற்றினால், குறிப்பாக ஹியூமனின் திரண்டுவிடும். அதன் நடுவில் நான்கு லூசின் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரைவிட ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவே அவை விரும்பும். முதலில் சுத்தமான நீரில் கெட்டியான ஸ்டாக் (இருப்புக் கரைசல்) தயாரியுங்கள், பிறகு மீடியத்தில் நீர்க்கச் செய்யுங்கள். மாட்ஸ்-சியும் எஸ்எஸ்-31உம் நீரில் நன்றாகக் கரைபவை. அவை கரையவில்லை என்றால் சந்தேகம் பொடியின் மேலேயே போக வேண்டும்.

குப்பியைச் சில்லென்று இருக்கும்போதே திறந்தீர்களா? ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது கண்ணுக்கே தெரியும். பொடி பிசுபிசுவென்று சுவரில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரமாவது டெசிக்கேட்டரில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் ஒரு சிறு சுற்று சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். ஒரு மில்லிகிராம் பொடியில் கணிசமான பங்கு மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னும் கலங்கலா? சோனிகேட்டர் தொட்டியில் ஓரிரு நிமிடம் வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மிகக் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த அளவைக் குறித்துவையுங்கள், அறிகுறி 3இல் அது தேவைப்படும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை நான் கடைசியாகத்தான் நாடுவேன். மாட்ஸ்-சியில் இரண்டு மெத்தியோனின், ஹியூமனினில் ஒரு மெத்தியோனினும் ஒரு சிஸ்டீனும் இருக்கின்றன. இந்த அமினோ அமிலங்களை டிஎம்எஸ்ஓ ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடும்.

சோதிக்கும் வழி: 12,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றுங்கள். அடியில் வண்டல் தெரிந்தால் மேலே இருக்கும் கரைசலின் செறிவு நீங்கள் கணக்குப் போட்டது இல்லை. அதை வடிகட்டி எடுத்து வேலையைத் தொடராதீர்கள். வடிகட்டி கலங்கலை நீக்கும், இழந்த பெப்டைடைத் திருப்பித் தராது.

எப்போது வெளியே கேட்பது: நீரிலும், நீர்த்த அமிலத்திலும், சோனிகேட்டரிலும் கரையாத மாட்ஸ்-சி அநேகமாக மாட்ஸ்-சியே இல்லை. தயாரிப்பாளரிடம் அந்த பேட்சின் மாஸ் ஸ்பெக் படத்தையும் (மூலக்கூறு எடையைக் காட்டுவது) எச்பிஎல்சி படத்தையும் (தூய்மையைக் காட்டுவது) கேளுங்கள். தூய்மை விழுக்காடு மட்டும் அச்சிட்ட ஒரு தாள் போதாது.

## அறிகுறி 2: பெப்டைடு கொடுத்தும் எதுவும் மாறவில்லை

அதிகம் வருவதும், அதிக மனவேதனை தருவதும் இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

### நீங்கள் நினைக்கும் செறிவு உண்மையில் இருக்கிறதா?

குப்பியில் 1 மில்லிகிராம் என்று எழுதியிருப்பது பொடியின் எடை. பெப்டைடின் எடை அல்ல. செயற்கையாகத் தயாரித்த பெப்டைடு பெரும்பாலும் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலத்தின் உப்பாகத்தான் வரும். சுருக்கமாக டிஎஃப்ஏ உப்பு. பெப்டைடில் எத்தனை காரத் தொகுதிகள் இருக்கின்றனவோ அத்தனை டிஎஃப்ஏ அதனோடு ஒட்டியிருக்கும்.

மாட்ஸ்-சியின் 16 அமினோ அமிலங்களில் மூன்று ஆர்ஜினின், ஒரு லைசின், அதோடு முனையிலுள்ள அமினோ தொகுதி. ஆக ஐந்து. ஒரு டிஎஃப்ஏவின் மூலக்கூறு எடை 114, ஐந்துக்கு 570. பெப்டைடின் எடை ஏறத்தாழ 2175. அப்படியானால் பொடியில் ஐந்தில் ஒரு பங்கு உப்புதான். ஈரத்தையும் சேர்த்தால் நிகரப் பெப்டைடு முக்கால் பங்குக்கு வந்து நிற்கும்.

எஸ்எஸ்-31இல் நிலைமை இன்னும் மோசம். நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட அதன் எடை 640தான், காரத் தொகுதிகள் மூன்று. டிஎஃப்ஏ உப்பாக வாங்கினால் பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. முழு எடையையும் பெப்டைடாக எண்ணிக் கணக்குப் போட்டவர் 10 மைக்ரோமோலார் என்று எழுதிக்கொண்டு 6.5 மைக்ரோமோலார் கொடுத்திருப்பார்.

மாட்ஸ்-சிக்கு ஒரு இலவசச் சோதனை உண்டு. அதில் ஒரு டிரிப்டோஃபேனும் இரண்டு டைரோசினும் இருப்பதால் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். உறிஞ்சு குணகம் 8480. நீங்கள் 10 மில்லிமோலார் என்று நினைக்கும் ஸ்டாக்கை 100 மடங்கு நீர்க்கச் செய்து ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் வைத்தால் 0.85 வர வேண்டும். 0.60 வந்தால் உங்களிடம் இருப்பது 7 மில்லிமோலார்தான். ஐந்து நிமிட வேலை இது, ஒவ்வொரு புது ஸ்டாக்குக்கும் செய்யுங்கள்.

ஹியூமனினுக்கு இந்த வழி உதவாது. அதன் 24 அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேனும் இல்லை, டைரோசினும் இல்லை. 280இல் ஒன்றும் தெரியாததைப் பார்த்து ‘குப்பி காலி’ என்று பதறியவர்கள் உண்டு. அதற்கு அமினோ அமிலப் பகுப்பாய்வுதான் சரியான அளவு தரும். அதை வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

### பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டதா?

இவை நேர்மின்னேற்றம் கொண்ட, பாதி எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள். சாதாரண டியூப், பிப்பெட் முனை, பிளேட் சுவர் எல்லாவற்றிலும் படியும். மில்லிமோலார் ஸ்டாக்கில் இந்த இழப்பு தெரியாது. மைக்ரோமோலாருக்குக் கீழே, அதிலும் ஹியூமனினை நானோமோலார் அளவில் கொடுக்கும்போது, பெரும்பகுதியை டியூப்பே வைத்துக்கொள்ளும்.

குறைவாக ஒட்டும் வகை டியூப்களுக்கு மாறுங்கள். நீர்த்த கரைசலைத் தயாரித்து வைத்துக் காத்திருக்காதீர்கள்; தயாரித்த கையோடு செல்லுக்குக் கொடுங்கள். 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) சேர்த்தால் ஒட்டுவது குறையும். ஆனால் சீஹார்ஸ் ஓட்டத்தில் பிஎஸ்ஏ வேறொரு தொல்லை தரும். அறிகுறி 5ஐப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

### செல்லுக்கு அது தேவைப்படும் நிலையில் இருக்கிறதா?

எஸ்எஸ்-31 மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலுள்ள கார்டியோலிப்பின் என்ற கொழுப்பைப் பிடிக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அது பெரிதாக எதையும் மாற்றாது. பழுதுபட்ட, வயதான, அழுத்தத்துக்கு உள்ளான மைட்டோகாண்ட்ரியாவில்தான் அதன் வேலை தெரியும். செழிப்பாக வளரும் செல்லில் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று எழுதுவது நியாயமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஒரு அழுத்தம் கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாட்ஸ்-சிக்கு வேறு கதை. ஃபோலேட் சுழற்சியையும் அதோடு இணைந்த பியூரின் உற்பத்தியையும் அது தடுக்கிறது, அதனால் ஐகார் என்ற இடைப்பொருள் சேர்ந்து ஏஎம்பிகே தூண்டப்படுகிறது. 2015இல் சாங்ஹான் லீ, பின்கஸ் கோஹன் குழுவினர் அதை முதன்முதலாக வெளியிட்டபோது காட்டிய வழி இது. ஆகவே மீடியத்தில் என்ன இருக்கிறது என்பது இங்கே முக்கியம். டிஎம்இஎம்மில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், ஆர்பிஎம்ஐ 1640இல் 1 மில்லிகிராம். ஹாம்ஸ் எஃப்-12 கலந்த மீடியத்தில் ஹைப்போசாந்தின் இருக்கிறது. பியூரினை வெளியிலிருந்தே செல் எடுத்துக்கொள்ள அது வழிவிடும். ஒரு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பலன் இன்னொன்றில் கிடைக்காதபோது நான் முதலில் கேட்பது மீடியம் பாட்டிலின் பெயரைத்தான்.

25 மில்லிமோலார் குளுக்கோஸில் வளரும் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் நம்பி வாழ்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 5 மில்லிமோலாருக்கு இறக்கி, அல்லது குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் கொடுத்து, சில நாள் பழக்கிய பிறகு மறுபடி பாருங்கள்.

### நேரம், சீரம்

மாட்ஸ்-சி இயல்பான எல் வகை அமினோ அமிலங்களால் ஆனது. சீரத்திலுள்ள நொதிகள் அதை வெட்டும். 48 மணி நேரச் சோதனையில் முதல் நாள் ஒருமுறை கொடுத்துவிட்டு விட்டால் இரண்டாம் நாள் செல்லுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். சீரத்தைக் குறைத்து, 24 மணிக்கு ஒருமுறை புதிதாகக் கொடுத்துப் பாருங்கள். எஸ்எஸ்-31இல் டி வகை ஆர்ஜினின் இருப்பதாலும் அதன் முனை அமைடாக மூடப்பட்டிருப்பதாலும் இந்தத் தொல்லை குறைவு.

எப்போது வெளியே கேட்பது: மேலே உள்ளவற்றை எல்லாம் சரிபார்த்த பிறகும் பலன் இல்லையென்றால், குப்பியிலிருந்தும் உங்கள் வேலை ஸ்டாக்கிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி எடுத்து மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்புங்கள். இரண்டும் தேவை. குப்பி சரியாக இருந்து ஸ்டாக் கெட்டிருந்தால் தவறு உங்கள் மேசையில். குப்பியே தவறாக இருந்தால் பேட்சை மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: ஈசிஏஆர் மாறுகிறது, ஆனால் நம்பும்படி இல்லை

எங்கள் குழுவில் ஒருமுறை மாட்ஸ்-சி கொடுத்த பிளேட் குழிகளில் ஈசிஏஆர் அழகாக இறங்கியது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் இறங்கியது. இரண்டு வாரம் அதன்மேலேயே திட்டம் போட்டோம். பிறகு ஒரு மாணவி பெப்டைடே இல்லாமல் கரைப்பானை மட்டும் கொடுத்துப் பார்த்தாள். அதே இறக்கம்.

கணக்கு எளிது. அந்த ஸ்டாக் 10 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைக்கப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 1.7 மோலார். ஆயிரம் மடங்கு நீர்த்தபோதும் குழியில் 1.7 மில்லிமோலார் அமிலம் இருக்கும். சீஹார்ஸ் மீடியத்தில் பைகார்பனேட் கிடையாது, பிஎச்சைத் தாங்கும் ஹெப்பிஸ் 5 மில்லிமோலார்தான். வலுவில்லாத அந்த பஃபரில் பிஎச் அரைப் புள்ளி வரை இறங்கிவிடும். அமிலச் சூழலில் கிளைக்கோலிசிஸ், அதாவது குளுக்கோஸ் உடைப்பு, தானாகவே மந்தமாகும். போதாததற்கு அசிட்டேட்டைச் செல் உணவாகவும் எடுத்துக்கொள்ளும், அதனால் ஓசிஆரையும் நம்ப முடியாது.

பார்க்க வேண்டியவை:

- கருவித் திரையில் வேகத்தைக் காட்டும் படத்தை விட்டுவிட்டு, மூல பிஎச் அளவைத் திறந்து பாருங்கள். முதல் அளவீட்டில் எல்லாக் குழிகளும் 7.4ஐ ஒட்டி இருக்க வேண்டும். பெப்டைடு குழிகள் மட்டும் கீழே தொடங்கினால் காரணம் கரைசல்தான்.
- பெப்டைடு கலந்த மீடியத்தின் பிஎச்சை ஓட்டத்துக்கு முன் 37 டிகிரியில் அளந்து, தேவைப்பட்டால் சோடியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்யுங்கள்.
- வெறும் நீர் கண்ட்ரோல் போதாது. அதே கரைப்பான், அதே உப்பு, அதே அளவில் ஒரு கண்ட்ரோல் வேண்டும். முடிந்தால் அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடு ஒன்றும், அதே தயாரிப்பாளரிடமிருந்து, அதே உப்பு வடிவில்.

ஸ்டாக்கை நீரிலேயே கரைத்து, 10 மைக்ரோமோலார் அளவில் கொடுத்தால் டிஎஃப்ஏ உப்பால் வரும் பிஎச் மாற்றம் மிகச் சிறியது. 100 மைக்ரோமோலாருக்குப் போகும்போதுதான் அது தலைகாட்டும். அந்த அளவில் வேலை செய்வதாக இருந்தால் ஹைட்ரோகுளோரைடு அல்லது அசிட்டேட் உப்பாக மாற்றித்தரக் கேளுங்கள். கூடுதல் செலவு ஆகும். நீண்ட கால வேலைக்கு நான் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வேன்.

## அறிகுறி 4: போன மாதம் வந்தது, இந்த மாதம் வரவில்லை

ஸ்டாக்கை எத்தனை முறை உருக்கி உறைய வைத்தீர்கள்? ஒருமுறை பயன்பாட்டுக்கான சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கியதில் மிஞ்சியதைத் திருப்பி வைக்காதீர்கள்.

எந்த ஃப்ரீசர்? தானே பனி நீக்கிக்கொள்ளும் வகை ஃப்ரீசர் அவ்வப்போது உள்ளே சூடேறி இறங்கும். வீட்டில் ஐஸ்கிரீமுக்கு அது சரி, பெப்டைடுக்குச் சரியில்லை. மின்வெட்டு அடிக்கடி வரும் இடமாக இருந்தால் உச்ச வெப்பநிலையைப் பதிவுசெய்யும் ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே போட்டுவையுங்கள். திங்கட்கிழமை காலை அது காட்டும் எண் பல மர்மங்களை விளக்கிவிடும்.

ஆக்சிஜனேற்றம். மெத்தியோனின் ஒவ்வொன்றும் ஒரு ஆக்சிஜனைப் பிடித்தால் மாஸ் ஸ்பெக்கில் 16 கூடும். மாட்ஸ்-சியில் 16, 32 என்று கூடுதல் உச்சிகள் தெரிந்தால் ஸ்டாக் பழையதாகிவிட்டது. ஹியூமனினில் எட்டாவது இடத்திலுள்ள சிஸ்டீன் இன்னொரு மூலக்கூறின் சிஸ்டீனோடு சேர்ந்து இரட்டையாகும். இதனால் பேட்சுக்குப் பேட்ச் வேறுபாடு வருவது ஹியூமனினில் சகஜம். 14ஆவது செரினுக்குப் பதில் கிளைசின் வைத்த மாற்று வடிவம், ஹியூமனினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுவானது. உங்கள் குழுவில் யாராவது குப்பியை மாற்றி எடுத்தார்களா என்று கேட்க இதுவும் ஒரு காரணம். சீட்டில் வெறும் ஹியூமனின் என்று எழுதியிருந்தால் அது எந்த வடிவம் என்று உறுதிப்படுத்துங்கள்.

மைக்கோபிளாஸ்மா. பெப்டைடு சரி, ஃப்ரீசர் சரி, ஆனாலும் கண்ட்ரோல் செல்களின் ஓசிஆரே வாரத்துக்கு வாரம் நகர்கிறதா? பிசிஆர் செய்து, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா பாருங்கள். அது செல்லின் ஆர்ஜினினையும் நியூக்ளியோசைடுகளையும் தின்னும். பியூரின் வழியில் வேலை செய்யும் ஒரு பெப்டைடை அப்படிப்பட்ட செல்லில் சோதிப்பதில் பொருளே இல்லை.

நிறுத்த வேண்டிய இடம்: மைக்கோபிளாஸ்மா உறுதியானால் மருந்து போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். அந்தச் செல்களை அழித்துவிட்டு, செல் வங்கியிலிருந்து புதிதாக வாங்குங்கள். அந்தக் காலத்தில் எடுத்த தரவையும் விட்டுவிட வேண்டும். மனது கேட்காதுதான், ஆனாலும் செய்ய வேண்டும்.

## அறிகுறி 5: எஃப்சிசிபி கொடுத்தும் ஓசிஆர் ஏறவில்லை

எஃப்சிசிபி மைட்டோகாண்ட்ரியாவை முழு வேகத்தில் ஓடவைக்கும் வேதிப்பொருள். அதற்கும் ஏறவில்லை என்றதும், பெப்டைடு மைட்டோகாண்ட்ரியாவின் உபரித் திறனைக் குறைத்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

பெப்டைடு ஒட்டாமல் இருக்க பிஎஸ்ஏ சேர்த்தீர்களா? எஃப்சிசிபியை பிஎஸ்ஏ நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சரியாகக் கழுவாமல் மிஞ்சிய சீரமும் அதையே செய்யும். பெப்டைடு குழிகளில் மட்டும் பிஎஸ்ஏ இருந்து கண்ட்ரோலில் இல்லையென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது பிஎஸ்ஏவின் விளைவு. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பிஎஸ்ஏ வைத்து, அந்த நிலையில் எஃப்சிசிபியை மறுபடி அளவு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாதாரணமாக 0.25 முதல் 2 மைக்ரோமோலாருக்குள் ஒவ்வொரு செல் வகைக்கும் ஒரு சிறந்த இடம் இருக்கும். பிஎஸ்ஏ இருந்தால் அது மேலே போகும். அளவு மிஞ்சினாலும் ஓசிஆர் விழும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவுசெய்ய முடியாது.

பிஎஸ்ஏ இல்லையென்றால்: எஃப்சிசிபி ஸ்டாக் பழையதா, மீடியத்தில் பைருவேட் போட மறந்தீர்களா என்று பாருங்கள். குளுக்கோஸ் 10 மில்லிமோலார், பைருவேட் 1, குளூட்டமின் 2 என்பது வழக்கமான கலவை. முழு வேகத்தில் ஓடச் சொன்னால் எரிபொருளும் இருக்க வேண்டும்.

## அறிகுறி 6: ஒரே மாதிரிக் குழிகளில் எண்கள் சிதறுகின்றன

ஓட்டம் முடிந்ததும் பிளேட்டை எறியாமல் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தசைக் குழாய்களாக மாறிய சி2சி12 செல்கள் கழுவும்போது தோல் உரிவதுபோல் உரிந்து வரும். மீடியம் மாற்றும்போது குழியில் கொஞ்சம் விட்டுவைத்து, சுவரோரமாக மெதுவாக ஊற்ற வேண்டும்.

ஓரக் குழிகள் மட்டும் மாறுபட்டால், செல் விதைத்ததும் பிளேட்டை ஒரு மணி நேரம் அறை வெப்பநிலையில் அசைக்காமல் வைத்துவிட்டு இன்குபேட்டருக்குள் கொண்டுபோங்கள். செல்கள் சீராகப் படியும்.

வரிசையின் தொடக்கத்தில் பலன் குறைந்து போகப் போகக் கூடினால் பிப்பெட் முனையைச் சந்தேகியுங்கள். புது முனை முதல் இரண்டு மூன்று குழிகளுக்கான பெப்டைடை உறிஞ்சிக்கொள்கிறது. அதே கரைசலை இரண்டு முறை இழுத்து விட்டு, முனையை நிறைவாக்கிய பிறகு குழிக்குக் கொடுங்கள்.

எண்களைச் செல் எண்ணிக்கையால் வகுக்கும்போது எம்டிடி சாய அளவைப் பயன்படுத்தாதீர்கள். எம்டிடி நிறமாவதே வளர்சிதை மாற்றத்தால்தான். நீங்கள் அளக்க வந்த பொருளையே அளவுகோலாக்கிவிடுவீர்கள். டிஎன்ஏவைக் காட்டும் ஹோக்ஸ்ட் சாயமிட்டு எண்ணுங்கள், அல்லது மொத்தப் புரதத்தை அளந்துகொள்ளுங்கள்.

கருவிப் பக்கம்: சென்சார் கார்ட்ரிட்ஜ் முந்தின இரவே நனைந்ததா, பின்னணிக் குழிகளில் செல் எதுவும் இல்லையே, கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில் 45 நிமிடமாவது இருந்ததா, ஊசித்துளைகளில் குமிழ் இல்லையே. இவ்வளவுதான்.

கருவிப் பொறியாளரை அழைக்கும் இடம்: செல்லே இல்லாத பிளேட்டில் வெறும் மீடியத்தை வைத்து, மூன்று வெவ்வேறு கார்ட்ரிட்ஜ்களில் ஓட்டுங்கள். மூன்றிலும் அதே இடத்துக் குழி தவறினால் அது கருவியின் கோளாறு. அழைக்கும்போது அந்த மூன்று கோப்புகளையும் அனுப்பிவையுங்கள். முதல் வருகையிலேயே சரியான உதிரிபாகத்தோடு வருவார். கருவியை நீங்களே திறக்க வேண்டாம்.

## அறிகுறி 7: கண்ட்ரோலிலேயே ஏஎம்பிகே பட்டை கனமாக இருக்கிறது

ஏஎம்பிகே செல்லின் பசிமணி. பெப்டைடு கலந்த புது மீடியம் மாற்றினாலே அடிக்கும். டிரிப்சின் போட்டுச் செல்லைப் பிரித்தாலும், பிளேட்டை மேசையில் வைத்துவிட்டுப் பஃபர் தேடப் போனாலும் அடிக்கும்.

மீடியத்தை மாற்றாதீர்கள். கெட்டியான பெப்டைடைச் சிறு துளியாக அதே மீடியத்தில் சேருங்கள், கண்ட்ரோலுக்குக் கரைப்பான் துளி. நேரம் முடிந்ததும் பிளேட்டைப் பனிக்கட்டிமேல் வைத்து, ஃபாஸ்ஃபட்டேஸ் தடுப்பான் கலந்த குளிர்ந்த பஃபரை நேராகக் குழியில் ஊற்றிச் சுரண்டுங்கள். ஒவ்வொரு பிளேட்டும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஏஎம்பிகேயில் ஃபாஸ்ஃபேட் ஏறிய திரியோனின் 172 பட்டையை மட்டும் நம்பாமல், ஏஎம்பிகே ஃபாஸ்ஃபேட் ஏற்றும் ஏசிசி புரதத்தின் செரின் 79ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஏஎம்பிகே உண்மையிலேயே வேலை செய்ததா என்பதை அது சொல்லும். 1 மில்லிமோலார் ஐகார் கொடுத்த ஒரு தடத்தைக் கூடவே ஓட்டுங்கள். அதிலும் பட்டை வரவில்லை என்றால் சிக்கல் ஆன்டிபாடியில்.

## அறிகுறி 8: செல்கள் செத்துப்போகின்றன

50 மைக்ரோமோலாருக்கு மேல் போனீர்களா? நேர்மின்னேற்றப் பெப்டைடுகள் அதிக அளவில் செல்சவ்வையே குலைக்கலாம். செல்லுக்குள் இருக்கும் எல்டிஎச் நொதி மீடியத்தில் கசிகிறதா என்று அளந்து, அளவை இறக்குங்கள். வரிசை மாற்றிய பெப்டைடும் கொல்கிறதா? அப்படியானால் அது மின்னேற்றத்தின் வேலை, பெப்டைடின் தனி வேலை அல்ல.

இரண்டாவது காரணம் எண்டோடாக்சின். ஆய்வுக்கு மட்டும் என்று விற்கும் பொடியில் பாக்டீரியா நச்சு எவ்வளவு இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. மேக்ரோபேஜ் செல்களில் மிகக் கொஞ்சம் இருந்தாலே கிளைக்கோலிசிஸ் எகிறிவிடும், நீங்கள் அதைப் பெப்டைடின் வெற்றி என்று நினைப்பீர்கள். எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். இதே பொடியை உடற்பயிற்சிக்கு, இளமைக்கு என்று ஊசியாகப் போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஒரு தட்டு செல்லுக்குக் கொடுக்கவே இத்தனை சரிபார்க்கிறோம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், கேட்டால் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

## அறிகுறி 9: செல்லின் சொந்த மாட்ஸ்-சி வெஸ்டர்னில் தெரியவில்லை, அல்லது தெரியக் கூடாத இடத்தில் தெரிகிறது

தெரியவில்லை என்றால்: 2.2 கிலோடால்டன் பெப்டைடு சாதாரண ஜெல்லில் சாயத்தோடு ஓடிப்போய்விடும், சவ்வையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். 16.5 விழுக்காடு டிரைசின் ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு, குறைந்த நேர மாற்றம், மாற்றியதும் குளூட்டரால்டிஹைடால் பதிய வைத்தல். இந்த நான்கும் சேர்ந்தால்தான் வரும். ஒரு தடத்தில் 10 நானோகிராம் செயற்கை மாட்ஸ்-சியைப் போடுங்கள். அதுவே தெரியாவிட்டால் செல்லில் இருப்பதைத் தேடுவது வீண். எலிச் செல் என்றால் இன்னொன்று: எலியின் மாட்ஸ்-சி வரிசை மனிதருடையதிலிருந்து வேறுபடும், மனித ஆன்டிபாடி பிடிக்காமல் போகலாம்.

தெரியக் கூடாத இடத்தில் தெரிந்தால்: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை இழந்த ரோ-ஜீரோ செல்களில் மாட்ஸ்-சி இருக்கக் கூடாது. அதன் மரபுக் குறிப்பு 12எஸ் ஆர்ஆர்என்ஏ பகுதியில் இருக்கிறது. அங்கேயும் பட்டை வந்தால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. ஆன்டிபாடியை அதிகப்படியான செயற்கைப் பெப்டைடோடு முன்கூட்டியே கலந்துவிட்டுப் பாருங்கள். உண்மையான பட்டை என்றால் மறைய வேண்டும். பிசிஆரில் இதே குழப்பம் வந்தால் காரணம் வேறு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழைய நகல்கள் செல் உட்கருவிலும் சிதறிக் கிடக்கின்றன, உங்கள் பிரைமர் அவற்றையும் பெருக்கும்.

வல்லுநரிடம் போகும் இடம்: மறையாத பட்டையோடு மூன்றாவது ஆன்டிபாடி வாங்க நினைக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்தில் மாஸ் ஸ்பெக் மையத்தில் இலக்கு வைத்து அளக்கச் சொல்லலாம். போகும்போது ஐசோடோப்பு அடையாளமிட்ட அதே பெப்டைடை அளவுகோலாகக் கொண்டுபோங்கள். மாதிரிகளைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, எந்த பஃபரில் எடுப்பது என்று அவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான லைசிஸ் பஃபரிலுள்ள டிட்டர்ஜென்ட் அவர்களுடைய கருவிக்கு ஆகாது, மாதிரி மொத்தமும் வீணாகிவிடும்.